கல்லில் கட்டிய பாவு

எங்கள் சித்தப்பா பெரிய தைரியசாலி என்று எனக்குத் தெரிந்ததே அவர் செத்த பிறகு நடந்த கூட்டத்தில்தான். தீபாவளிக்கு ஊசிப்பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிற மனிதர். மேடையேறிய ஒருவர் அவரை மாவீரர் என்றார். எட்டு வயதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுபதுகளில் நடந்தது. சித்தப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பட்டுப்புடவை மூட்டையோடு வடக்கே வியாபாரத்துக்குப் போனார்கள். திரும்பும்போது ஒரு ரயில் நிலையத்தில் யாரோ வைத்த குண்டு வெடித்தது. வைத்தவர்களுக்கு யார்மேல் என்ன கோபம் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்பா போய்ச் சாம்பலோடு திரும்பினார்.

தெருக்காரர்கள் சேர்ந்து இருவர் பெயரையும் வெட்டி ஒரு கருங்கல் நட்டார்கள். இடம் பார்த்ததில்தான் வினை வந்தது. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று தெருக்கோடியில், பாவு கட்டுகிற முளையைப் பிடுங்கிவிட்டு அங்கேயே நட்டுவிட்டார்கள். நெய்வதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டால்தான் பாவு தறிக்குப் போகும். கல்லுக்கு இந்தப் பக்கம் முளை அடித்தால் நீளம் போதாது. அந்தப் பக்கம் சாக்கடை. துக்கத்தில் யாருக்கும் இது உறைக்கவில்லை. உறைத்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. செத்தவர்களுக்கு ஒரு முழ இடம் கொடுக்க மனசில்லையா என்று யாராவது கேட்டுவிட்டால்? எல்லோரும் பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் போய் முறை கேட்டு நின்றார்கள்.

சித்திக்கும் பக்கத்து வீட்டு மாமாவின் மனைவிக்கும் மட்டும் அங்கே முறை வரவே இல்லை. புதிதாகத் தாலி இழந்தவள் முகத்தில் விடியற்காலையில் விழிக்க அந்தத் தெருக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சித்தி போகும்போதெல்லாம் முளையில் வேறு யாருடைய பாவாவது இருந்தது. சித்தப்பாவின் தறி சும்மா கிடந்தது. சித்தியின் பிறந்த ஊரான தாமலிலிருந்து அவள் அண்ணன் வந்தார்.

"இங்க எத்தப் பாத்துக்கினு இருக்கப் போற? துணிமணிய எடுத்து வைம்மா. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போறேன்."

சித்திக்கு நன்றாக நெய்ய வரும். தறி ஓடினால் அவள் தன் வீட்டில் இருக்கலாம். ஓடாவிட்டால் அண்ணி கையைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். அப்பா வாயே திறக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் அவர்மேல் வருத்தம் உண்டு.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சித்தி என்னை எழுப்பினாள். இருவருமாகப் பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு முனையைத் தெருவின் மேற்குக் கோடியில் இருந்த முளையில் மாட்டினாள். மறுமுனைக் கயிற்றை நேரே கல்லுக்குக் கொண்டுபோனாள். அதன்மேல் கிடந்த மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள்.

கல் நட முன்னின்ற பெரியவர் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்த்ததும் பதறிவிட்டார்.

"இன்னாம்மா இது? கும்புடுற கல்லுல போயி கயித்தக் கட்டிக்கினு!"

சித்தி முடிச்சை விடவில்லை. "தெனமும் காலைல இந்த மொனையப் புடிச்சிக்கினு நின்னது அவருதான் மாமா. இப்பவும் அவரே புடிச்சிக்கினு நிக்கட்டும்."

பெரியவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கல்லில் பெயர் இருந்த இன்னொருவரின் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிடுபவர், தலையை முடிந்துகொண்டே வந்தார். கயிற்றைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"ஒன்னுது ஆனதும் சொல்லு. எங்க வூட்டுப் பாவும் கெடக்குது" என்றார்.

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார். மறுநாள் தாமலிலிருந்து வந்த அண்ணன் தறிச் சத்தத்தைக் கேட்டார்; சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு தெருவே அந்தக் கல்லில்தான் பாவு கட்டியது.

அந்தச் சனிக்கிழமை, பெரியவரும் அத்தையும் போன பிறகு, பாவு நடுவில் தொய்ந்திருந்தது. நான் கல்லருகே நின்றிருந்தேன். கயிற்றை இழுத்து இறுக்குவதற்கு முன் சித்தி கல்லின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, "நல்லாப் புடிச்சிக்கோங்க. உட்ராதீங்க" என்றாள்.

ஒரு நாளும் இல்லாமல் எனக்கென்ன இவ்வளவு மரியாதை என்று சிரிப்பு வந்தது. "சரி சித்தி" என்று சொல்லிவிட்டு, பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.