கால்களுக்கு நித்திரை வராத காலம்

என் கணவரைப் போல நித்திரை கொள்ளத் தெரிந்த ஒருவரை நான் கண்டதில்லை. கண்டக்குழியில் மீன் எடுத்துப் புத்தளம் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்தில், லொறியின் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு மேலே சாக்கை விரித்துக் குறட்டை விட்டவர். கல்யாணமான புதிதில் எனக்கு அதில் கோபம்கூட வரும். நான் கதை சொல்லிக்கொண்டிருப்பேன், "ம்" என்பார், அடுத்த "ம்" குறட்டையாக வரும்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய இரண்டு கிட்னியையும் தின்று முடித்த பிறகு, நித்திரை இடம் மாறிப்போனது. கட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் வந்தது. முடி வெட்டுகிற கதிரையில் வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாமுக்கு நேர் எதிரே வந்தது. கட்டிலில் சாய்ந்தால் மட்டும் கால்கள் விடாது.

"எலும்புக்குள்ள இறால் துள்ளுது புள்ள," என்பார். மீன்காரருக்கு வேறென்ன தோன்றும்?

நோவு என்றும் சொல்ல முடியாது, கடி என்றும் சொல்ல முடியாது. எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்பத் துள்ளும். சும்மா நடக்கிற நேரத்துக்குத் தொழலாமே என்று பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழத் தொடங்கினார். நின்று, குனிந்து, நிமிர்ந்து தொழுகையில் கால்கள் அடங்கிக் கிடந்தன. தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் இரவெல்லாம் வெளிச்சம் எரிகிற வீடு எங்களுடையதாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு வந்தாள். "மாஷா அல்லாஹ், ஒங்கட மாப்புள்ள ராவு ராவா நிண்டு தொழுறாரே! எங்கட மகள்ட விசயத்துக்கும் ஒரு துஆ கேக்கச் சொல்லுங்க."

"அது கால் வருத்தம் ராத்தா," என்றேன்.

நான் அடக்கமாக மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்தது. எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி ஊற்றிச் செய்த வட்டிலப்பம் ஒரு சட்டி வந்தது. சீனிக்காரருக்கு வட்டிலப்பம்! நான்தான் இருந்து தின்றேன்.

இதெல்லாம் சிரிப்பாகப் போயிருக்கும், மெசின் மட்டும் இல்லாவிட்டால். கிழமைக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் அவருடைய இரத்தத்தைக் கழுவி, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுப்பார்கள். நாலு மணித்தியாலம் அசையாமல் கிடக்க வேண்டும். போன நோன்புக்கு முன்னால் ஒருநாள் அந்தத் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, மூச்சு இழுக்க இழுக்கத் த்ரீவீலில் போட்டுக்கொண்டு ஓடியிருந்தோம். இன்னொரு தடவை அப்படி ஏறினால் ஆள் தப்புவது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதிலிருந்து நான் அவர் குடிக்கிற தண்ணீரைப் பொலிஸ்காரி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் அவருடைய பாதம் வீங்கியது. களவாகக் குடிக்கிறார் என்று சந்தேகப்பட்டு ஏசினேன். அவர் சத்தியம் பண்ணினார்.

விசயம் ஒரு பின்னேரம் வெளியே வந்தது. நான் வழக்கம்போல மெசின் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து, நடையின் மூலையில் சால்வையை விரித்துத் தொழுகைக்கு நின்றார். அல்லாஹ் எனக்கு நல்ல மனிதரைத் தந்திருக்கிறான் என்று உருகிக்கொண்டிருந்தபோது, மெசின் அறையின் சிங்கள நேர்ஸ் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அம்மா, ஐயாவுக்கு ஒடம்பில தண்ணி நிக்குது. மெசின்ல முழுக்க இருக்கணும். எல்லா நாளும் தொழுகை நேரம் சொல்லி, மெசின் முடிய முன்னுக்குக் கழட்டச் சொல்றது. சமயத்துக்கு எதிரா நாங்க பேச ஏலாதுதானே?"

எனக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து உச்சிக்கு ஏறியது. அஸர் என்கிற பின்னேரத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன உடனே ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதற்குப் பொழுது சாய்கிற வரைக்கும் நேரம் கிடக்கிறது. மெசின் முடிந்து, ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டும் தொழலாம். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விசயம் அந்த நேர்ஸுக்குத் தெரியாது. பாவம், மரியாதைக்காகவே கழற்றிவிட்டிருக்கிறார்.

அவர் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும் வரைக்கும்தான் பொறுத்தேன்.

"இஞ்சாருங்க, அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு? அந்த மிஸ்ஸ ஏமாத்தலாம், தோள்ல இருந்து எழுதுற மலக்குமார் பேயனுகளா?"

அவர் சால்வையை மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். "ஏலாது புள்ள. கடைசி நேரத்தில கால அறுத்துப் போடலாம் போல இரிக்கி. தொழுதா மட்டுந்தான் அடங்குது."

"அத டாக்டருக்குச் சொன்னா என்ன? நித்திர எப்பிடி எண்டு கேட்டா, அல்ஹம்துலில்லாஹ், நல்லா நித்திர எண்டு பல்லக் காட்டுறீங்க!"

"அல்லாஹ் தந்ததப் பத்தி மனிசன்ட்டப் போய் முறையிடுறதா?"

"சீனியையும் அவன்தான் தந்தான். அதுக்குக் குளிசை குடிக்கிறீங்களே, அது என்னத்துக்கு?"

 நாற்பது வருசக் குடும்ப வாழ்க்கையில் நான் வென்ற வாக்குவாதங்கள் அதிகம் இல்லை. சந்தோசப்பட நினைத்தேன். ஆனால் அவருடைய கண் நிரம்பியிருந்தது. கையைப் பிடித்து மெசின் அறைக்குள்ளே, நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரிடம் அவர் முதலில் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி இறால் கதையைச் சொன்னார். டாக்டரம்மா சிரித்தார், பிறகு பேனையை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். கிட்னி போனவர்களுக்கு வருகிற சாதாரண வருத்தம்தானாம் இது, சொன்னால்தானே தெரியும் என்றார். சொறிச்சலுக்கு என்று நாங்களே பார்மசியில் வாங்கிக் கொடுத்த குளிசை இதைக் கூட்டக்கூடும், நிப்பாட்டுங்கள் என்றார். இரத்தத்தில் இரும்பு பார்த்து, குறைவு என்று ஊசி எழுதினார். படுக்கும் முன் விழுங்க ஒரு சின்னக் குளிசையும் தந்தார்.

பக்கத்துக் கட்டிலில் மெசினோடு கிடந்த கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எனக்கும் அதே கூத்துத்தான் ஐயா. தலையில விசர் எண்டு சொல்லுவினமோ எண்டு வாய மூடிக்கொண்டு கிடந்தன்."

அன்றிலிருந்து கடைசி மணித்தியாலத்துக்கு என்னை உள்ளே விட்டார்கள். ஒரு ஸ்டூல் போட்டு இருந்து முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்துவிடுவேன். நேர்ஸ் மணிக்கூட்டைக் காட்டி, "ஐயா, நேரம் இருக்கு," என்று சிரிப்பார். இவர் என்னை முறைப்பார். ஆனால் முழு நேரமும் கிடந்தார். பாதத்து வீக்கம் வற்றி, பழைய செருப்பு திரும்பக் காலுக்குள் போனது. இறால் முற்றாக ஓயவில்லை. சில இரவுகளில் இன்னும் எழுந்து நடப்பார். வெளிச்சம் குறைந்ததைக் கண்டு ராத்தாவுக்குத்தான் கவலை.

பிறகு ஒரு காலை. விடியலில் சுபஹ் பாங்கு எனக்குக் கேட்டது. அவர் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். கால்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அசையாமல் கிடந்தன. அந்தப் பழைய லொறிக் குறட்டை! எழுப்புவதற்கு நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். தொழுதுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். ஜன்னலால் வெயில் வந்து சுவரில் ஏறும் வரைக்கும் இருந்து பார்த்தேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருக்கவில்லை.

விழித்ததும் வெயிலைக் கண்டு, சுபஹ் நேரம் தப்பிப்போனது தெரிந்து பாய்ந்து எழும்பினார். ஏச்சு என்றால் அப்படி ஓர் ஏச்சு. தொண்டையில் பழைய சந்தைக் குரல் திரும்பியிருந்தது.

"நித்திரையாப் போனவருக்குக் குத்தமில்ல. எழும்பித் தொழுதாச் சரி," என்றேன்.

"எனக்கில்ல, சரி. முழிச்சிக்கொண்டிரிந்தும் எழுப்பாத ஒனக்கு?"

"அத நான் அல்லாஹ்வோட கதைச்சிக்கொள்றன். நீங்க போய்க் கை கால் கழுவி வுழூ எடுங்க."