அப்பா கடித்த ஃபட்ஜ்

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பிஸ்கட் டின் மூடி இருக்கிறது. டின் எப்போதோ போய்விட்டது, மூடி மட்டும் மிச்சம். அதன் உட்புறமெல்லாம் கத்திக் கீறல்கள். சொக்லட் ஃபட்ஜ் வெட்டியதால் வந்தவை என்றால், ஃபட்ஜ் செய்யத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். நல்ல ஃபட்ஜை வெட்டக் கரண்டிக் காம்பே போதும். அந்தக் கீறல்கள் என் அண்ணி போட்டவை.

செய்வதற்கு ஃபட்ஜைவிட இலேசான இனிப்பு உலகத்தில் கிடையாது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். இனிப்புக் கட்டிப்பால் ஒரு டின், இரண்டு கட்டி சொக்லட், ஒரு துண்டு மாஜரின். மெல்லிய நெருப்பில் மூன்றும் இளகி ஒன்றானதும் இறக்கிவிட வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் வேலை முடிந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதை ஃபோனில் பார்த்துவிட்டு, நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, இதைத்தான் செய்யவேண்டும் என்று அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் அவருக்கு ஊர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வீட்டில் யாரிடமும் கேட்காமல் அண்ணன் கல்யாணப் பதிவு செய்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அம்மா கொஞ்ச நாள் அழுதார், பிறகு தேங்காய் துருவ ஆள் கிடைத்ததில் சமாதானமாகிவிட்டார். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிற அப்பா அழவுமில்லை, திட்டவுமில்லை. அண்ணி கையால் எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டார். சோறு போட்டால் “வயிறு சரியில்ல” என்பார். பால் விடாத பிளேன்டீ கொண்டுபோனால், அம்மாவைப் பார்த்து “அங்குன வைக்கச் சொல்லு” என்பார். அது அங்கேயே ஆறிக் கிடக்கும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தீபாவளி என்றாலும் நத்தார் என்றாலும், கொண்டாடுகிற வீட்டுப் பலகாரம் தட்டில் போட்டுத் துணி மூடி எல்லா வீட்டுக்கும் போகும். அண்ணியின் தாய்வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முதல் தட்டு வீட்டுப் பெரியவருக்கு. அவர் ஒரு துண்டு எடுத்த பிறகுதான் மற்றத் தட்டுகள் வாசலைத் தாண்டும். நத்தாருக்குக் கிட்டத்தில் அண்ணி அண்ணனிடம் சொன்னது பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “மாமா எடுக்கலன்னா நான் யாருக்கும் தட்டு அனுப்ப மாட்டேன். தையோட நாம தனியாப் போயிரலாம்.” அண்ணி போய்விடக்கூடாது என்று எனக்கு இருந்தது. அந்த வீட்டில் என்னோடு சரிக்குச் சரி வாயடிக்க வேறு ஆள் இல்லை.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் அடுப்பை மூட்டினோம். எல்லாம் இளகிப் பளபளவென்று வந்ததும் “இறக்குங்க அண்ணி” என்றேன்.

“இளகுனதுக்குப் பேரு பலகாரமா பாப்பா? சட்டிய விட்டுச் சுருண்டு வரணும்.”

“அது மில்க் டொஃபிக்கு.”

“இதுலயும் டின் பாலுதானே? ஒன் ஃபோனு எங்கயாவது டொஃபி கிண்டியிருக்கா?”

சொல்லிக்கொண்டே ஒரு கோப்பைச் சீனியையும் போட்டார். மில்க் டொஃபி கிண்டிப் பழகிய கை, சீனி இல்லாமல் எதுவும் இறுகும் என்பதை நம்பாது. சுருண்டு வரும்வரை கிண்டி, பிஸ்கட் டின் மூடியில் கொட்டித் தட்டினார். விடியும்போது அது கருங்கல். கத்தியை வைத்துக் குழவியால் தட்டித்தான் உடைத்தோம். சதுரம் ஒன்றுகூட வரவில்லை. கறுப்புச் சில்லுகளைத் தட்டில் போட்டுவிட்டு அண்ணி, “இத எப்படிக் குடுக்கிறது” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அப்பா பிளேன்டீக்குச் சீனி போடமாட்டார். கித்துள் மரத்துக் கருப்பட்டியை ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார். நாட்டுக்காரச் சிங்களவர்களோடு பழகி, அதை ஹக்குரு என்றுதான் சொல்வார். அன்று காலையும் கோப்பையோடு அடுப்படிக்கு வந்தார், தட்டைப் பார்த்தார், ஒரு சில்லை எடுத்துக் கடித்தார். பல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு மிடறு குடித்தார். மறுபடி கடித்தார்.

“நல்லாருக்கே. எந்தக் கடை ஹக்குரு?”

“ஹக்குரு இல்லப்பா. அண்ணி செஞ்சது.”

அண்ணி திரும்பவில்லை. அப்பா கையிலிருந்த பாதியைப் பார்த்தார். கீழே வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு, மிச்சப் பிளேன்டீயையும் நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையை அம்மா பக்கம் அல்ல, அண்ணி பக்கம் நீட்டினார்.

“இன்னொரு பிளேன்டீ ஊத்து புள்ள. இதுக்குப் பத்தல.”

அன்று காலை தட்டுகள் எல்லா வீட்டுக்கும் போயின. பக்கத்து வீட்டுக் கிழவர் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்து சண்டை பிடித்தது வேறு கதை.

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன். நத்தாருக்கு வரும்போது நல்ல சொக்லட் வாங்கி வந்து ஒழுங்கான ஃபட்ஜ் செய்கிறேன். அண்ணியின் பிள்ளைகள் விரலை நக்குகிறார்கள். அப்பா மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, “களி மாதிரில்ல இருக்கு” என்று தள்ளிவிடுகிறார். அவர் சொல்வது பிழை. ஃபட்ஜ் என்பது மெத்தென்றுதான் இருக்கவேண்டும். போன நத்தாருக்கும் சரியான பதத்தில் பாதியைக் கண்ணாடித் தட்டில் ஊற்றினேன். மீதி சட்டியோடு அடுப்பில் இருந்தது. அண்ணி சீனிப் போத்தலை என் பக்கம் நகர்த்திவிட்டு, பிஸ்கட் டின் மூடிக்கு எண்ணெய் தடவத் தொடங்கினார்.

நான் அடுப்பை அணைக்கவில்லை.