பிள்ளை திரும்பேல்லை, தேப்பன் திரும்பினார்

குழந்தையளின்ரை வளர்ச்சி பாக்கிற டொக்டருக்குப் பக்கத்திலை இருந்து மொழிபெயர்க்கிறது என்ரை வேலை. வாய்க்குத்தான் சம்பளம், ஆனா சனம் பயப்பிடுறது என்ரை காதுக்கு. சொந்தக்காரருக்காகப் பிரெஞ்சு கதைக்கப் போய்ப் பேச்சு வாங்கின ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும். இந்தக் குடும்பத்தின்ரை பேர் சொல்லமாட்டன். சொன்னா நாளைக்கு நான் பாரிசிலை எங்கடை கடையள் இருக்கிற லா சப்பலிலை மரக்கறி வாங்கேலாது.

எவடம்?

பாரிசுக்கு வெளியிலை இருக்கிற கார்ஜிலையிருந்து தாயும் தேப்பனும் மூண்டு வயசு மகளோடை வந்தினம். பிள்ளை இன்னும் ஒரு சொல்லும் கதைக்கேல்லையெண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லி அனுப்பினது. தேப்பன் வணக்கம் சொல்ல முதலே, "ஊரிலை நீங்கள் எவடம்?" எண்டு கேட்டார். சொன்னன். அவரின்ரை மனிசியின்ரை ஊர்தான்! வேறை நேரமெண்டாத் தேத்தண்ணி வாங்கித் தந்திருப்பார். அண்டைக்கு முகம் கறுத்துப்போச்சு. கதை ஊருக்குப் போயிடுமாம். நேரை வரவேற்பு மேசைக்குப் போய், தனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை கேட்டார்: "தமிழ் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஆரும் இல்லையோ?"

ஆற்றை ஆள்?

டொக்டர் பிள்ளைக்குப் பின்னாலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டா. பிள்ளை விளையாட்டுக் காரின்ரை சில்லைச் சுத்திக்கொண்டே இருந்தது. வீட்டிலையும் இப்பிடித்தானோ எண்டு டொக்டர் கேட்டா. தேப்பன் மனிசியின்ரை காதுக்குள்ளை, "திரும்பிறேல்லை எண்டு சொல்லிப்போடாதை" எண்டார்.

அறைக்குள்ளை ஆர் என்ன சொன்னாலும் மொழிபெயர்க்கவேணும், அதுதான் எங்கடை சட்டம். நானும் அதை அப்பிடியே பிரெஞ்சிலை சொன்னன். அட கோதாரி, அந்த மனுசன் திரும்பி என்னைப் பாத்த பார்வை! "அக்கா, நீங்கள் எங்கடை ஆளோ, அவையின்ரை ஆளோ?"

முருங்கைக்காய்ப் பெட்டி

சனிக்கிழமை லா சப்பல் கடையொண்டிலை அந்தத் தாயைக் கண்டன். என்னைக் கண்டதும் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பின்னாலை குனிஞ்சா. எனக்கும் ரோசம் வந்திட்டுது. நான் என்ன பொலிசோ? பேசாமல் காசு குடுக்கப் போனன்.

பின்னாலை வந்து கையைப் பிடிச்சா. உள்ளதைச் சொன்னா, வளர்க்கத் தெரியாதெண்டு அரசாங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுமெண்டு ஆரோ வெருட்டியிருக்கினம். "விசர்க்கதை," எண்டன். "மறைச்சாத்தான் பிள்ளைக்கு உதவி பிந்தும். காது சோதிப்பினம், விளையாட்டுக் காட்டிக் கதைக்கப் பழக்குவினம். உங்களையும் பக்கத்திலை வைச்சுத்தான்." பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு நிண்டா. "என்னை ஒருநாளும் அம்மா எண்டு கூப்பிட்டதில்லை, அக்கா."

ரெண்டு மறுமொழி

அடுத்தமுறை டொக்டர் கேட்டா, பிள்ளை உங்களைக் கூப்பிடுமோ எண்டு. தேப்பன், "ஓம், வடிவாக் கூப்பிடுவா" எண்டார். தாய் நிலத்தைப் பாத்துக்கொண்டு "இல்லை" எண்டா. நான் ரெண்டையும் சொன்னன். எது சரியெண்டு டொக்டர் கேட்டா.

இப்பவும் மறைச்சாப் பிள்ளையின்ரை காலம் வீணாப்போயிடுமெண்டு எனக்குத் தெரியும். ஆனா நானாக வாய் திறக்க உரிமையில்லை. தேப்பன் மகளின்ரை தலையைத் தடவினார். "மனிசி சொன்னதுதான் சரியெண்டு சொல்லுங்கோ, அக்கா."

எங்கடை சனத்துக்குச் சந்தேகம் தாராளமா இருக்கு. அதை அயலட்டையிலை செலவழிக்காமல் டொக்டரிட்டைக் கொண்டுவாறதுக்குத்தான் கனநாள் எடுக்குது.