பின்னால் கட்டிய கைகள்

டீச்சர் கலைக்கூடத்தைச் சுற்றி வரும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "மூக்கு சரியா வரல, கொஞ்சம் போட்டுக் குடுங்க டீச்சர்" என்று யாராவது தூரிகையை நீட்டினால், "நல்லாத்தான் இருக்கு, நீயே போடு" என்பதோடு சரி. புதிதாக வந்தவர்கள் அதைக் கர்வம் என்கிறார்கள்.

கை கட்டி நிற்கிற ஆளா அவர்! ஓய்வு பெற்ற கையோடு சொந்தக் கார் ஷெட்டில் நாலு ஸ்டூலைப் போட்டு, "வரையத் தெரியாதவங்கதான் வரணும்" என்று போவோர் வருவோரையெல்லாம் பிடித்து இழுத்தவர். தையல்காரம்மா வந்தார், லாரி டிரைவர் வந்தார், ரிட்டயரான பஸ் கண்டக்டர் வந்தார். கட்டணம் கிடையாது, டீ உண்டு. கூட்டம் சேர்ந்தால், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் பழைய தொழிலைக் காட்டுவார். ஷெட் போதாமல் பக்கத்து வீட்டு மாடி, அதுவும் போதாமல் மூடிக் கிடந்த அச்சகம் என்று கலைக்கூடம் வளர்ந்தது. களிமண் சக்கரம் வந்தது, சூளை வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது. கூடவே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மேல்தளம் கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள், சுவரில் மாட்டியிருந்த, கண்டக்டர் வரைந்த படம் டீச்சர் கண்ணை உறுத்தியது. அதில், காலமான அவர் மனைவி கொடியில் துணி உலர்த்துகிறார். வலது முழங்கை கோணல்மாணலாக வெளிப்பக்கம் மடங்கியிருக்கிறது. டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. தூரிகையால் இரண்டே இழுப்பு. கை நேராகிவிட்டது.

வந்தவர்கள் அந்தக் கையைத்தான் மெச்சினார்கள். அவர்கள் போன பிறகும் கண்டக்டர் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இத யாரு தொட்டது?"

"நான்தாங்க. கொஞ்சம் கோணலா இருந்துச்சேன்னு..."

"அவளுக்குக் கை அப்படித்தான் டீச்சர். சின்ன வயசுல முறிஞ்சு, கோணலாவே கூடிருச்சு. அந்தக் கையாலதான் எனக்குக் கடைசிவரைக்கும் சோறு கட்டிக் குடுத்தா."

மேல்தளம் எழும்பிவிட்டது, அதன் படியில் கால் வைக்கும்போதெல்லாம் வெட்கம் டீச்சரைப் பிடுங்கித் தின்கிறது.

கண்டக்டர் கோபித்துக்கொண்டு நின்றுவிடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்தக் கையை மறுபடி மறுபடி வரைகிறார். இப்போது விரல் நடுங்குகிறது. கோணல்கூட வர மறுக்கிறது. நேற்று, "நீங்கதானே நேராக்குனீங்க, நீங்களே மடக்கிக் குடுங்க" என்று தூரிகையை நீட்டினார். குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே கேட்டார்.

டீச்சரின் வலது கை முதுகுக்குப் பின்னாலிருந்து பாதி வெளியே வந்தது. இடது கை எட்டி அதைப் பிடித்துக்கொண்டது.