ஹில்டாவின் கடைசி ஜாடி

மேவிஸ் ஓக்டன் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். பால்காரன் வைத்துப்போன பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தைச் சொந்தமாகத்தான் எழுதினாரா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு. யார்க்‌ஷயரில் அந்தச் சின்ன ஊரின் ஆகஸ்ட் கண்காட்சியில், மார்மலேட் எனும் ஆரஞ்சு ஜாமுக்கு ஒன்பது வருடமாக முதல் பரிசு அவளுக்குத்தான்.

இந்த வருடம் இரண்டாவது. முதல் பரிசு அட்டை பக்கத்து வீட்டு நார்மன் கொண்டுவந்த ஜாடியில் சாய்ந்திருந்தது. போன அக்டோபரில் மனைவி ஹில்டாவைப் பறிகொடுத்தவன். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாத ஆள்!

மார்மலேட்டுக்கான கசப்பு ஆரஞ்சு கடைக்கு வருவதே ஜனவரியில் மட்டும். இந்த ஜனவரி முழுக்க நார்மன் மாவுக்கட்டோடு மகள் வீட்டில் கிடந்தான். அப்படியானால் இது கடைச்சரக்குதான். மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதிப்புத்தகத்தோடு நேரே அவனிடம் போனாள்.

"விதியில 'ஹோம்மேட்'னு போட்டிருக்கு. வீட்டு அடுப்புல செஞ்சதா இருக்கணும். இதை எந்தக் கடையில வாங்கின?"

"எங்க வீட்டு அடுப்புல செஞ்சதுதான், மேவிஸ்."

"யாருகிட்ட கதை விடற? நீதான் கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தியே!"

"இது போன வருஷ ஜனவரியில ஹில்டா செஞ்சது. கடைசி ஜாடி." கவிழ்ந்து கிடந்த பேர்ச்சீட்டைத் திருப்பினான். ஹில்டா பெயர்தான் இருந்தது.

"செத்துப்போனவ பேர்ல போட்டியா?"

"உயிரோட இருந்தப்ப நீ விட்டியா?"

மேவிஸ் விதிப்புத்தகத்தை மூடினாள். ஒன்பது வருடம் முன்பு முதல் பரிசு ஹில்டாவுக்குத்தான் வந்தது. "ஹோம்மேட் இவ்வளவு தெளிவா இருக்குமா? கடையில வாங்கினது" என்று மேவிஸ் புகார் கொடுத்தாள். பரிசு கைமாறியது. அதற்கப்புறம் ஹில்டா கண்காட்சிப் பக்கமே வரவில்லை. அந்த வருட ஜனவரியில் ஹில்டா வீட்டில் ஆரஞ்சு கொதிக்கிற வாசனை வேலி தாண்டி மேவிஸ் வீட்டுக்கே வந்திருந்தது. தெரிந்தேதான் புகார் கொடுத்தாள்.

கண்காட்சிச் செயலாளர் நோட்டோடு வந்தார். "என்ன மேவிஸ், ஏதாவது புகாரா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"இல்ல. இது ஹோம்மேட்தான்," என்றாள். "எழுதிக்குங்க. அன்னிக்கும் ஹோம்மேட்தான்."