இல்லை என்று சொல்லாத தேடுபெட்டி

பெர்லினில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் எள் தூவிய ரொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரம்மா "ஹாபென் வியர் நிஷ்ட்" என்றார். எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு வரும் என்றோ, அதற்குப் பதில் இதை வாங்கிப் பாருங்கள் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம் பேசப் போய்விட்டார். மூன்று வருடமாகிறது, இன்னும் அந்தச் சொல் என் கன்னத்தில் அறைகிற மாதிரிதான் விழுகிறது. ஊரிலிருந்து படிப்பவர்கள் இதற்கா இத்தனை ரோஷம் என்று சிரிப்பீர்கள். இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த ஜனங்களுக்கு இல்லை என்று சொல்வதில் இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது.

எங்கள் அப்பா காரிமங்கலத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். பேரிங், ஆயில் சீல், பம்புசெட்டு வாஷர் எல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காததும் கிடைக்கும் என்பதுதான் கடையின் விசேஷம். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் அம்மா "அரிசி நெறஞ்சிருக்கு" என்பார். இல்லை என்ற சொல் வாயில் வந்தால் வீடு விளங்காதாம். அப்பா அதைக் கடைவரைக்கும் கொண்டுபோய்விட்டார். உடைந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும், அலமாரியைத் துழாவி ஏறக்குறைய அதேபோல ஒன்றை எடுத்துக் கொடுப்பார். "இதப் போட்டுப் பாருங்க, சேரும்" என்பார். பெரியாம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு அப்படிச் சேர்ந்த பேரிங் மூன்றாம் நாள் இறுகி, மோட்டார் கருகி, தக்காளி முழுக்கக் காய்ந்துபோனது. அப்பா கொஞ்சமும் அசராமல், "கரண்டு சரியில்லீங்க" என்றார். அந்த மனிதரும் "ஆமாங்க, கரண்டுதான்" என்று தலையாட்டிவிட்டு இன்னொரு பேரிங் வாங்கிக்கொண்டு போனார். இருவரையும் பார்த்து அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கடையைத்தான் ஆடி மாதம் பாலக்கோட்டுக்காரர் ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று வந்து கேட்டார். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, ஷட்டரைத் தூக்கவே இரண்டு தடவை மூச்சு வாங்குகிறார். போனில் என்னிடம், "நீ வந்து பாத்துக்கறதுன்னா சொல்லு, வச்சிருக்கறேன். இல்லைன்னா அவருக்கு வுட்டுடறேன். வருவியா?" என்று கேட்டார். நான் போகப்போவதில்லை. மனைவிக்கு இங்கே வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கும் திரும்பிப்போய் ஆயில் சீல் விற்கிற எண்ணம் துளியும் இல்லை. ஆனால் "பார்க்கலாம்ப்பா" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கேட்க, நான் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே என் வேலையும் ஒருவிதத்தில் அலமாரியைத் துழாவுவதுதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்களையும் குறிப்புகளையும் தேட, கணினித் திரையில் ஒரு தேடுபெட்டி செய்து தருகிறோம். எதையும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாய் திறந்து கேட்பது இங்கே பெரிய தொந்தரவாம், அதனால் எல்லாரும் பெட்டியில் தட்டித்தான் கேட்கிறார்கள். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற மனிதருக்குத் தெரிந்த பதிலைத் தேட உலகத்தில் இல்லாத பொறியியல் எல்லாம் வேண்டியிருக்கிறது, அதில்தான் என் பிழைப்பும் ஓடுகிறது. எதுவும் கிடைக்காதபோது பெட்டி வெள்ளைப் பக்கம் ஒன்றைக் காட்டி, முடிவுகள் இல்லை என்று சொல்லும். அதைத் திருத்துகிற பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அந்த வரியையே தூக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக, கேட்டதற்கு ஏறக்குறைய நெருங்கி வருகிற ஐந்து முடிவுகளைக் காட்டவைத்தேன். இவை நீங்கள் கேட்டவை அல்ல என்று மேலே ஒரு வரி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெறுங்கையோடு யாரும் திரும்பிப்போவதில்லை என்று எனக்கு அப்போது பெருமை வேறு.

காத்ரின் என்ற பெண் எங்கள் பெட்டியைப் பயன்படுத்துகிறவர்களில் ஒருவர். புதிய தளத்தின் சோதனைத் தரவைச் சுத்தம் செய்கிற கட்டளையைத் தேடினார். அப்படி ஒரு கட்டளையை யாரும் எழுதவே இல்லை. என் பெட்டி, பழைய தளத்தின் கட்டளையை முதல் வரிசையில் பளிச்சென்று காட்டியது. அவர் அதை ஓட்டினார். அது பழைய தளத்தையே துடைத்துவிட, அங்கே நாலு பேர் வாரக்கணக்கில் சேர்த்துவைத்த தரவு போய்விட்டது.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். இங்கே அதற்கு யாரையும் குற்றம் சொல்லாத கூட்டம் என்று பெயர். குற்றம் சொல்லாமலே நான் செய்த மாற்றத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். காத்ரின் என்னைப் பார்த்து, "இல்லை என்று காட்டியிருந்தால் நான் எழுந்துபோய் யாரிடமாவது கேட்டிருப்பேனே?" என்றார்.

"இல்லை என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை" என்றேன்.

எங்கள் மேலாளர் யோனாஸ் பதறிப்போய், "மன்னிக்கவும், இது உங்கள் மத நம்பிக்கையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பாமல், பண்பாட்டுக் காரணம் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார். என் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு கௌரவமான பெயர் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் காய்ந்த தக்காளிதான். அப்பாவைப் பார்த்து எரிச்சல்பட்டவன், அதே பேரிங்கைக் கப்பலேறி வந்து காத்ரினுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பாவாவது கரண்டைக் குறை சொன்னார், எனக்கு அதற்குக்கூட வழியில்லை.

அன்று மாலையே பழைய வரியைத் திரும்பப் போட்டேன். எளிய வேலைதான், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெட்டிக்கு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, பெற்ற அப்பனை மூன்று மாதமாக இழுத்தடிக்கிறேனே என்று கேவலமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் போன் செய்தேன். அங்கே மத்தியானம், அப்பா கடையில் இருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"நான் வரலப்பா. கடைய பாலக்கோட்டுக்காரருக்கே குடுத்துருங்க."

"அவரு போன வாரமே வேற கடை புடிச்சிட்டாருடா" என்றார்.

"ஏம்ப்பா, அவரப் பொறுத்திருக்கச் சொல்லி இருந்தீங்க இல்ல?"

"எத்தன நாளு இருப்பாரு? நீ பாக்கலாம் பாக்கலாம்னியே, எம்பையன் வந்துருவான்னு நாந்தான் அவருக்குப் புடி குடுக்காம வுட்டுட்டேன்."

நாற்பது வருடம் இல்லை என்பதற்குப் பதில் இப்படி ஏதாவது சொல்லியே கடை நடத்திய மனிதர், மகன் சொன்ன பார்க்கலாமை நிஜமென்று நம்பியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள். அப்பா போனை வைக்கவில்லை, மேசைமேல் கிடத்தினார் போலிருக்கிறது.

"என்னங்க, நீங்களே ஏறி எறங்கிகிட்டு. தம்பி எப்பங்க வர்றாரு?" என்றது ஒரு குரல்.

"தை பொறந்ததும் வந்துருவாருங்க" என்றார் அப்பா. "வந்து கடைய அவரே பாத்துக்குவாரு. நீங்க அந்த ஆயில் சீலக் காட்டுங்க, பாப்பம்."

அலமாரிப் பெட்டிகளை அவர் நகர்த்துகிற சத்தம் கேட்டது. மகள் வந்து யாரோடு பேசுகிறாய் என்று ஜெர்மனில் கேட்டாள். நான் பெர்லின் சமையலறையில் நின்றபடி, தையில் காரிமங்கலத்துக்கு வந்துவிடப்போகிற அந்தத் தம்பியைப் பற்றி அப்பா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.