முதுகுக்கு எழுதிய வசனம்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு. அது நடிகர்களின் முதுகு. முகம் தெரிந்தால் வாயசைவுக்குப் பொருந்துகிற சொல்லைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். முதுகு தெரிந்தால் அந்தக் கவலையே இல்லை, எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். கதைக்கு விளக்கம், ஜோக்கு, தத்துவம் என்று மிச்சம் மீதி எது கிடந்தாலும் அந்த முதுகில் ஏற்றிவிடுவார்கள். தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜவஹரின் டப்பிங் ஸ்டூடியோ இப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அங்கே வசனம் எழுதுகிறவள் சுந்தரவல்லி. கோபாலபுரத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு என்னென்னவோ கனவோடு சினிமாப் பக்கம் வந்தவள், ராட்சதப் பல்லிகளுக்கும் விண்கலத் தளபதிகளுக்கும் ‘இன்னாடா, எங்கிட்டயேவா’ என்று எழுதி எழுதியே தலை நரைத்தாள். கிரேக்கப் புராணப் படங்களும் அவள் கைக்கு நிறைய வந்தன. இடி எறிகிற கடவுளா, இந்திரன் என்று போடுங்கள் என்பார் ஜவஹர். பாதாளத்து ராஜா என்றால் எமன். தலைமுடி முழுக்கப் பாம்பு நெளிகிறவள் நாககன்னி. சுந்தரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எழுதிக் கொடுப்பாள்.

அவளுக்கு அதைவிட எரிச்சல் மூட்டியது வேறொன்று. எந்தப் படம் வந்தாலும் பழி கடைசியில் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழும். திறக்கக் கூடாத ஜாடியைத் திறந்து உலகத்துக் கஷ்டத்தையெல்லாம் வெளியே விட்டவள் பெண். ஊர் பற்றி எரிந்ததற்குக் காரணம் பெண். இந்த வசனங்களையும் அவள்தான் எழுதினாள். வேறு யார் எழுதுவார்கள்?

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. வாளும் கேடயமும் இல்லாத கிரேக்கப் புராணம். செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்கே இறங்கிப் போன ஒரு பாடகனின் கதை. பாதாளத்து ராஜா அவன் பாட்டுக்கு இரங்கி, கூட்டிக்கொண்டு போ, அவள் உன் பின்னால் வருவாள், ஆனால் வெளிச்சத்துக்குப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே என்பான். கடைசிப் படியில் இவன் திரும்பிவிடுவான். அதோடு அவள் போய்விடுவாள். இதை இன்றைய நகரம் ஒன்றில் நடப்பதாக எடுத்திருந்தார்கள். பாதாளம் என்பது பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ. பிணத்தின் வாயில் வைத்த காசை வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன், டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து சில்லறை கேட்டான். மூன்று தலை நாய்க்குப் பதிலாக, மூன்று கேமராத் திரைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் காவலாளி.

சுந்தரவல்லிக்கு இதில் எதுவுமே அந்நியமாகப் படவில்லை. நாமும்தான் நெற்றியில் காசு வைத்து அனுப்புகிறோம். கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டிலும் கொள்ளி வைத்தவனைத் திரும்பிப் பார்க்காமல் போ என்றுதான் சொல்கிறார்கள். விளக்கம் ஒன்றும் வேண்டாம், நம் ஜனங்களுக்குத் தானாகப் புரியும் என்று அவள் நம்பினாள்.

அந்தக் கடைசிக் காட்சியை அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நின்றுபோன எஸ்கலேட்டரில் கணவன் முன்னால் ஏறுகிறான். மனைவி பின்னால் வருகிறாள். கேமரா அவளுக்கும் பின்னால் இருக்கிறது, அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது. வெறுங்கால் என்பதால் காலடிச் சத்தம்கூட இல்லை. அவன் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஏறுகிறான், மறுபடி நிற்கிறான். வருகிறாளா இல்லையா என்ற சந்தேகம் அவனைத் தின்கிறது. கடைசியில் தாங்க முடியாமல் திரும்புகிறான். தப்பு முழுக்க அவனுடையது. அவள் சொன்னதைச் சொன்னபடி கேட்டு வந்தவள், அவள் மேல் ஒரு பழியும் இல்லை. இப்படி ஒரு பெண்ணுக்காகத்தான் சுந்தரவல்லி இத்தனை வருஷமாகக் காத்திருந்தாள். அந்தக் காட்சிக்கு ஒரு சொல்கூட எழுதாமல் தாளை ஜவஹரிடம் கொடுத்தாள்.

“முதுகுதான மேடம் தெரியுது. அவ்ளோ இடத்தையும் காலியா விட்டுட்டீங்க?” என்றார் ஜவஹர்.

“அவ பேசினா அவனுக்கு எதுக்கு சார் சந்தேகம் வரணும்? சத்தமே இல்லாததாலதான் திரும்பறான்.”

“சத்தமே இல்லன்னா ஸ்பீக்கர் போச்சுன்னு தியேட்டர்ல கத்துவான். பொண்டாட்டி புருஷன் கூட வர்றா, ஒரு வார்த்தை பேச மாட்டாளா?”

அவள் விடவில்லை. போனில் சண்டை போட்டாள், நேரில் சண்டை போட்டாள், பின்னணி இசையைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று இறங்கியும் பார்த்தாள். ஜவஹர் கெட்டவர் அல்ல, அதுதான் பெரிய தொல்லை. சிரித்த முகமாகவே இருப்பார், காப்பி வரவழைப்பார், அவள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்வார், முடிவில் முதல் நாள் சொன்னதையே மறுபடி சொல்வார். படத்தை வாங்கியவர்களும் மாதிரிப் பிரதியைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒலி விட்டுப்போயிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். நீங்கள் எழுதாவிட்டால் போகட்டும், சரண்யாவையே மைக் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசச் சொல்கிறேன் என்று ஜவஹர் முடித்துவிட்டார். அடையாறிலிருந்து வந்து கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கும் சரண்யா நல்ல பெண்தான். ஆனால் போன படத்தில், சாகப்போகும் ராணியை மாமியார் ஜோக் சொல்லவைத்தவள்.

கெடுவதுதான் கெடப்போகிறது, என் கையாலேயே கெடட்டும் என்று சுந்தரவல்லி உட்கார்ந்தாள். எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக எழுதினாள். ‘வந்துட்டுதான் இருக்கேன்.’ ‘ரொம்ப இருட்டா இருக்கு.’ கடைசிப் படிக்கு முன்னால் ஒரே ஒரு ‘என்னங்க.’ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதில் உறுத்தும், ஒரு மனைவி வேறு எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்தாள். சரண்யாவும் அதை மூச்சோடு மூச்சாகச் சொன்னாள். ஜவஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கக்கேடுதான், ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் சுந்தரவல்லிக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

படம் வெளியான அன்று ராயப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் மதியக் காட்சிக்குத் தனியாகப் போனாள். அவளுக்கு முன் வரிசையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தங்கையாக இருக்க வேண்டும், ஒரே பொட்டலத்திலிருந்து முறுக்கு தின்றுகொண்டு, திரையில் டிக்கெட் கவுண்டர்க்காரன் காசு கேட்டதும், நெற்றிக்காசு என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். சுந்தரவல்லிக்கு அவர்களை எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எஸ்கலேட்டர் காட்சி வந்தது. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. அவன் ஏறினான். அவள் பின்னால் பேசிக்கொண்டே வந்தாள். வெளிச்சம் தெரிந்தது. ‘என்னங்க’ என்றாள். அவன் திரும்பினான்.

“ஐயய்யோ” என்றாள் மூத்தவள். “போறவன பின்னாடிலர்ந்து கூப்டலாமா? அவன் பாட்டுக்கு ஒழுங்காதான் போய்க்கினு இருந்தான்.”

“வாய மூடிக்கினு வந்திருந்தா வூடு போய் சேந்திருப்பா” என்றாள் இளையவள். “எல்லாம் இவளாலதான்.”

சுந்தரவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதும்போதும் தோன்றவில்லை, பதிவின்போதும் தோன்றவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பாத புருஷன் தமிழ்நாட்டில் யார் இருக்கிறான்? அவனுடைய சந்தேகம் போன இடம் தெரியவில்லை. பொண்டாட்டி கூப்பிட்டாள், திரும்பினான், அவ்வளவுதான். கிரேக்கர்கள் இத்தனை நூற்றாண்டாக அந்தப் பெண் மேல் போடாத பழியை இவள் ஒரே சொல்லில் போட்டுவிட்டாள். ஜவஹர் மேல் வந்த கோபம், தன் மேல் வந்த கோபம், எது எது என்று பிரிக்க முடியவில்லை.

அவள் முன்னால் குனிந்து, “அவ பேசவே இல்லம்மா” என்றாள்.

மூத்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாங்க ரெண்டு பேரும் காதால கேட்டமே. நீ இன்னா படம் பாத்துக்கினு இருந்த?”